மிதவை வாங்குவது தொடர்பாக

ஜூன் 3, திங்கள்

காலை 6.10க்கு மோட்டார் போட்டேன். 6.50க்குத் தொட்டி நிரம்பி வழிந்தது. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பேப்பர் போடுகிறவர் இன்றும் பக்கத்து வீட்டுப் பேப்பரை நம் வீட்டில் எறிந்திருந்தார். முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

9.20க்கு ருக்குமணியின் போனில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவன் பிரிஸ்பேனில் இருக்கும் எங்கள் மகன் நவநீதன். ஒரு ஏரி. ஏரிக்குள் காற்றடைத்த பெரிய வளையம். அதற்குள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து தூண்டில் பிடித்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே தண்ணீருக்குள்.

"பாருங்க, நம்ம நவநீ எப்பிடி உக்காந்திருக்கறான்னு" என்று ருக்குமணி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எனக்கெதுக்கு" என்றேன்.

அவனும் நானும் பேசி நான்கு வருடம் ஆகிறது. சண்டை எதுவும் கிடையாது. அவன் கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தியைத் திருமணம் செய்துகொண்ட அன்று எனக்கு ஆபீசில் தணிக்கை இருந்தது. அதனால் போக முடியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை ருக்குமணி இன்றுவரை நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் குளிக்கப் போனபோது போனின் கண்ணாடி அழுக்காக இருக்கிறதே என்று துடைத்தேன். போட்டோ தானாகத் திறந்துகொண்டது. மூன்று முறை.

ஜூன் 4, செவ்வாய்

ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோக்கு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் போன வருடமே சொன்னார். மீன்பிடி மிதவை ஒன்று வாங்குவது எனக் கொள்கை அளவில் முடிவெடுத்தேன். இதற்கும் நேற்றைய போட்டோவுக்கும் தொடர்பில்லை.

ஜூன் 6, வியாழன்

தொழில்நுட்ப விவரம் கேட்க உடுமலைப்பேட்டையில் ஆள் இல்லை. வேறு வழியின்றி ருக்குமணியின் போனிலிருந்து நவநீதனுக்கு எழுதினேன்.

"அனுப்புநர்: நாச்சிமுத்து, கண்காணிப்பாளர் (ஓய்வு). பொருள்: குறைந்த விலையில் மிதவை வாங்குவது தொடர்பாக. மேற்படி பொருளின் வகைகள், விலை, தாங்கும் எடை ஆகிய விவரங்களைத் தெரிவிக்கவும்."

அனுப்பியது 10.14. பதில் வந்தது 10.15.

"அப்பா? நீங்களா?"

"ஆம்" என்று எழுதினேன்.

பிறகு ஆறு நிமிடக் குரல் பதிவு ஒன்று வந்தது. இதற்கு ஃப்ளோட் டியூப் என்று பெயராம். வடை மாதிரி வட்டமாக ஒன்று, முன்பக்கம் திறந்த லாட வடிவத்தில் ஒன்று, கூரான முனையோடு ஒன்று என மூன்று வகை உண்டாம். வட்டமானது விலை குறைவு, ஆனால் ஏறி இறங்கச் சிரமம். கூரானது வேகமாகப் போகும், விலையும் அப்படியே. நமக்கு லாட வடிவமே போதுமாம். காலில் வாத்துக்கால் மாதிரி ஒரு துடுப்பை மாட்டிக்கொண்டு உதைத்தால் நகருமாம், ஆனால் பின்பக்கமாகத்தான் போகுமாம். முப்பத்தாறு வருட அரசுப் பணிக்குப் பிறகு இது எனக்குச் சிரமமாக இருக்காது.

தொழில்நுட்ப விவரங்கள் நிறைய இருந்ததால் நான்கு முறை கேட்டேன். ஐந்தாவது முறை ருக்குமணி வந்து போனை வாங்கிக்கொண்டாள். "அரிசி ஊறப் போடோணும், அதுல நேரம் பாக்கோணுமுங்க" என்றாள். சுவரில் கடிகாரம் இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். குறுக்கே பதினொரு கட்டம், நெடுக்கே ஒன்பது மாதிரிகள். ஒரே காற்றறை உள்ளவை மலிவு, ஆனால் ஓட்டை விழுந்தால் ஆளோடு போய்விடும் என்று நவநீதன் எச்சரித்திருக்கிறான். இரண்டு அறை இருந்தே ஆக வேண்டுமாம். அவனே இவ்வளவு கவலைப்படும்போது நான் அலட்சியமாக இருக்கக் கூடாது. உயிர்காப்புச் சட்டை சேர்த்தாயிற்று. கால் துடுப்பை மட்டும் நீக்கிவிட்டேன். மனிதனுக்குக் கால் இருக்கும்போது அது வீண் செலவு.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது.

ஜூன் 13, வியாழன்

கள ஆய்வுக்காகக் கருவேலங்குளம் போனேன். குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் பிடிக்கும் குப்புராசு, லாரி டியூப் ஒன்றின் மேல் பலகை கட்டி அதில் உட்கார்ந்து வலை விரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. கரைக்கு வந்ததும் என் பட்டியலைக் காட்டினேன். ஈரக் கையோடு வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"சார், இத்தனையும் எதுக்குங்க? பஞ்சர் கடையில கேட்டா பழைய டியூப்பு நானூறு ரூவாய்க்குத் தருவாங்க. நான் பதினாறு வருசமா இதுலதான் போறேன்."

"இதற்குத் தரச்சான்று இருக்கிறதா?"

"நான் இருக்கறனுங்களே சார்."

குப்புராசுவின் டியூப் தொழில்நுட்பத் தகுதி பெறவில்லை எனக் குறித்துக்கொண்டேன். வரும்போது இரண்டு கெண்டை கொடுத்தார். நன்றாக இருந்தது.

ஜூன் 19, புதன்

நவநீதன் இனிமேல் என் எண்ணுக்கே பதில் அனுப்புவதாகச் சொன்னான். ருக்குமணி தன் போனை எங்கள் இருவருக்காகக் காலை முழுவதும் விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதாகப் புகார் செய்தாளாம். என்னிடம் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

இன்றைய சந்தேகம்: என் எடை எண்பத்து நான்கு. நனைந்த வேட்டியின் எடையைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா? பதில்: வேட்டி கட்டிக்கொண்டு போகவே கூடாது. மேலும், மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? கேள்விக்குச் சம்பந்தமில்லாத பகுதி. ஆயினும் பதில் அளித்தேன்.

ஜூன் 27, வியாழன்

எல்லா வகையிலும் பொருந்தும் மாதிரி கிடைத்துவிட்டது. லாட வடிவம், இரண்டு காற்றறை, நூற்றுப்பத்துக் கிலோ தாங்கும். விலை நான் நிர்ணயித்த வரம்புக்குள். பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன்.

அப்புறம் யோசித்தேன். முதுகு சாயும் பகுதியின் நிறம் கருநீலம். வெயிலில் சூடேறுமா என்பதை விசாரிக்காமல் வாங்கக் கூடாது. பக்கத்தை மூடிவிட்டு நவநீதனுக்கு எழுதினேன்.

"வாங்கியாச்சுங்களா?" என்று ருக்குமணி கேட்டாள்.

"ஒரு விளக்கம் பாக்கி இருக்கிறது."

"அதானே" என்றாள்.

எதற்கு அதானே என்று தெரியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இதுவரை எழுப்பிய சந்தேகங்கள் முப்பத்தொன்று. பதில்களை நேரவாரியாகத் தொகுத்தேன். திங்கள் முதல் வெள்ளிவரை அவனுடைய ஊர் நேரப்படி காலை பத்திலிருந்து மாலை நான்குவரை எப்போது கேட்டாலும் இரண்டு நிமிடத்துக்குள் பதில் வருகிறது. சனி, ஞாயிறு மட்டும் தாமதம்.

வேலை நேரத்தில் இவ்வளவு சுதந்திரம் கொடுக்கிறார்கள் என்றால் அவனுக்கு ஆபீசில் நல்ல மதிப்பு இருக்க வேண்டும். நம் ஊரில் இப்படியெல்லாம் கிடையாது. ருக்குமணியிடம் பட்டியலைக் காட்டினேன். முழுக்கப் படித்தாள். வழக்கமாக என் பட்டியல்களைப் படிக்க மாட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

காற்று அடைக்கும் வாயை எப்படி மூடுவது என்று கேட்டேன். எழுதிப் புரியவைக்க முடியாது என்று வீடியோவில் கூப்பிட்டான். நான்கு வருடத்தில் முதல்முறையாக முகம் பார்த்துப் பேசினேன். இளைத்திருக்கிறான். காதோரம் நரை.

ஏரிக்கரையில் நின்றபடி, டியூப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். உயிர்காப்புச் சட்டைக்கு உள்ளே முழுக்கைச் சட்டை, அதுவும் காலர் மடிப்புக் கலையாமல். மீன் பிடிக்கும் இடத்திலும் இந்த நேர்த்தி. பெருமையாக இருந்தது.

"மணி என்னடா அங்க?" என்று கேட்டேன்.

"மூணேகாலுங்கப்பா" என்றான். உடனே, "இந்த மூடிய வலது பக்கமாத் திருகோணுங்க, பாத்தீங்களா?" என்றான்.

பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 11, வியாழன்

ருக்குமணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அங்க இன்னைக்கு லீவுங்களா?"

"இல்லை."

"நேத்து?"

"இல்லை. அங்கெல்லாம் வேலை முறை வேறு."

அவள் இன்னும் நாலைந்து காய் நறுக்கினாள். நிமிராமல், "நீங்களும் அப்பிடித்தானுங்க போனீங்க" என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நவநீதன் நாலாம் வகுப்புப் படித்தபோது, கோப்பு ஒன்று காணாமல் போனது தொடர்பாக நான் பதினொரு மாதம் பணியிலிருந்து விலகியிருக்க நேர்ந்தது. அதற்கு வேறொரு சொல் இருக்கிறது. அதை நான் எங்கும் எழுதியதில்லை. கோப்பு பிறகு அதே அறையில் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. அந்தப் பதினொரு மாதமும் தினமும் 9.15க்குச் சாப்பாட்டுத் தூக்கோடு புறப்பட்டு, கருவேலங்குளத்துக் கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, 5.45க்கு வீடு திரும்பினேன். அரைச் சம்பளத்துக்குப் 'பிடித்தம்' என்று காரணம் சொல்லியிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சட்டையில புளியம்பூ ஒட்டிட்டு வருமுங்க. ஆபீசுக்குள்ள ஏதுங்க புளியமரம்?"

"ஏன் கேட்கவில்லை?"

கத்தியைக் கீழே வைத்தாள். "கேட்டுட்டா அந்த மரத்தடிக்கும் போக மாட்டீங்க. வேற எங்க போயிருவீங்களோன்னு பயமா இருந்துதுங்க. பக்கத்துலயே தண்ணி வேற."

குழம்பில் இன்று உப்பு அதிகம். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நவநீதனிடம் நேரடியாகக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். மூன்று வரைவுகள் எழுதினேன். மூன்றிலும் 'காரணம் கோரும் குறிப்பாணை' வாடை அடித்தது. கடைசியில், பை மாட்டும் வளையம் இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்டு அனுப்பினேன். பிளாஸ்டிக்.

ஜூலை 16, செவ்வாய்

நாற்பத்தேழாவது சந்தேகத்துக்கு இன்று வந்த பதில்: "அப்பா, டியூப்பை வாங்கவே போறதில்லீங்களா?"

வாங்கிவிட்டால் அப்புறம் உன்னிடம் என்ன கேட்பது என்று எழுதினேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். பிற்பகல் 2.30க்கு மிதவைக்குப் பணம் கட்டினேன்.

ஜூலை 23, செவ்வாய்

மிதவை வந்தது. படுக்கையறையில் விரித்து, கால் பம்பால் ஐம்பது நிமிடம் காற்றடித்தேன். நன்றாக இறுகியது. உள்ளே உட்கார்ந்தும் பார்த்தேன். வசதியாகவே இருக்கிறது. ஆனால் கதவு வழியாக வெளியே வரவில்லை. நிமிர்த்தினோம், சாய்த்தோம், ருக்குமணி அந்தப் பக்கம் நின்று இழுத்தாள். அறையின் அகலம் என் பட்டியலில் இருந்தது, கதவின் அகலம் இல்லை.

அடித்த காற்றை இறக்கினேன். "ஒன்பது மாதிரி பாத்தீங்க" என்று மட்டும் ருக்குமணி சொன்னாள்.

ஜூலை 25, வியாழன்

இன்றைய நிகழ்வை இன்றே எழுதிவிடுகிறேன்.

காலை 10 மணிக்குக் கருவேலங்குளம். மிதவையைப் பார்த்ததும் குப்புராசு இரண்டு முறை சுற்றிவந்தார். "சோபா செட்டு மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். அவருடைய லாரி டியூப் அக்கரையில் கிடந்தது. என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். உயிர்காப்புச் சட்டை, அரைக்கால் சட்டை, தூண்டில், பிளாஸ்டிக் உறைக்குள் போன் எல்லாம் சரியாக இருந்தன.

பத்தடி தூரம் நன்றாகப் போயிற்று. பிறகு மேற்கிலிருந்து காற்று பிடித்தது. ஆடிக் காற்று என்பது என் பட்டியலில் இல்லை. வெறுங்காலால் உதைத்தேன். உதைக்க உதைக்க மிதவை நின்ற இடத்திலேயே சுற்றியது. சுற்றிக்கொண்டே குளத்தின் நடுவுக்குப் போயிற்று.

"சார், கால ஒதைங்க!" என்று கரையிலிருந்து குப்புராசு கத்தினார்.

"உதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்!"

"அட, அந்தப் பக்கம் இல்லீங்க சார்!" என்றவர், தன் டியூப்பை எடுத்துவர அக்கரைக்கு ஓடினார். சுற்றிப் போக இருபது நிமிடமாவது ஆகும்.

தூண்டில் கைநழுவிப் போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை நவநீதனிடம் நாற்பத்தேழு சந்தேகங்களில் எதிலும் நான் குறிப்பிடவில்லை. போனை எடுத்தேன். மணி 10.40. முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்கப்பா."

"குளத்துக்குள்ள இருக்கறேன்."

"டியூப்லயா? சூப்பருங்கப்பா! கால்ல துடுப்பு போட்டிருக்கறீங்கல்ல?"

"இல்லை."

"எத்தனை தடவை சொன்னனுங்கப்பா! பயப்படாதீங்க. ஆடாம உக்காருங்க. ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள விட்டு மெதுவாத் தள்ளுங்க. பக்கத்துல யாராச்சும் இருக்கறாங்களா?"

"வந்துகொண்டிருக்கிறார். நீ எங்க இருக்கற?"

அந்தப் பக்கத்திலும் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

"நானும் தண்ணிலதானுங்கப்பா இருக்கறேன்."

"இன்னைக்கு வியாழக்கிழமை" என்றேன்.

"ஆமாங்கப்பா."

மிதவை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. கரையோரம் அந்தப் புளியமரம் வந்து, என்னைக் கடந்து போயிற்று. எழுதி வைத்திருந்த மூன்று வரைவுகளில் ஒரு வார்த்தைகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

"நவநீ, நீ நாலாவது படிக்கறப்ப என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. பதினொரு மாசம். நான் ஆபீசுக்குப் போகவே இல்லை. தினமும் இந்தக் குளத்துக் கரையிலதான் உக்காந்திருந்தேன்."

தொடர்பு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"ஏப்ரல் பன்னெண்டாந் தேதிங்கப்பா" என்றான். "எங்க டீமையே வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அடுத்த வாரம் வேற கெடச்சுரும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒவ்வொரு வாரமும் அப்பிடியே நெனச்சேன். எங்க போறதுன்னு தெரியல. பழைய சாமான் கடையில இந்த டியூப்பு கெடந்துது. குறைஞ்ச விலைக்குக் குடுத்தாங்க."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கப்பா."

"இன்னைக்கே சொல்லிரு."

"எப்பிடிங்கப்பா சொல்றது?"

"அதை எங்கிட்டக் கேட்டா எப்படி? நானே இப்பத்தான் முதல்தடவையாச் சொல்றேன்."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. அழுதானோ என்னவோ. குப்புராசு வந்து சேரும்வரை இருவரும் போனைக் காதில் வைத்தபடி அவரவர் தண்ணீரில் இருந்தோம்.

குப்புராசு என் மிதவையைத் தன் டியூப்போடு கயிற்றால் கட்டி இழுத்தார். அவர் முன்னால் பார்த்தபடி போனார், நான் பின்னால் பார்த்தபடி போனேன். "மீனு ஏதாச்சும் கெடச்சுதுங்களா சார்?" என்று கேட்டார். கிண்டலா அக்கறையா என்று தெரியவில்லை. இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து ருக்குமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. சூடாக்கிக் கொடுத்தாள்.

ஜூலை 26, வெள்ளி

தோள், இடுப்பு, தொடை எல்லாம் வலி. நவநீதனிடமிருந்து தகவல் இல்லை.

ஜூலை 27, சனி

தகவல் இல்லை. குழாய் ரிப்பேர்காரர் வந்தார். வாஷர் மாற்றினார். ருக்குமணி போனைச் சமையலறையிலேயே வைத்திருக்கிறாள். நான்தான் அவசரப்பட்டுச் சொல்லச் சொல்லிவிட்டேனோ என்று அவளிடம் கேட்டேன். "இருபத்தஞ்சு வருசம் தாமசம், அதுல என்னங்க அவசரம்" என்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

11.05க்கு என் போன் அடித்தது. தெரியாத எண்.

"அப்பா, நான் ஷெரின் பேசறேன்."

நவநீதனின் மனைவி. எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

"உங்ககிட்ட ஒரு புகார் சொல்லணும். வேற யார்கிட்டச் சொல்ல?" மலையாள வாசம் அடிக்கும் தமிழ். வேகமாகப் பேசினாள். "வேலை போச்சுன்னா போகட்டும் அப்பா. அதுக்கா நான் கோபப்படறேன்? எனக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி ஏழு மணிக்கு. நான் அஞ்சு மணிக்கு எழுந்து இவனுக்குச் சோறு கட்டி வச்சிட்டுப் போவேன். மூணரை மாசம்! அத்தனையும் ஏரியில உட்கார்ந்து தின்னிட்டு, சாயந்தரம் வந்து ஆபீஸ்ல மீட்டிங், தலை வலிக்குதுன்னு சொல்லுவான். நான் தைலம் தேச்சு விடுவேன்! சரி, ஒரு மீனாவது கொண்டுவந்தானா? அதும் இல்ல!"

'தங்கள் புகார் பரிசீலிக்கப்படும்' என்பது வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"தப்புதாம்மா" என்றேன். "அவன் மேல மட்டும் தப்பில்லை."

பிறகு மெதுவாக, "நீங்க தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டதையும் சொன்னான். உடம்புக்கு ஒண்ணுமில்லையே, அப்பா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். நவநீதனுக்கு ஒரு கிடங்கில் மூன்று மாத வேலை கிடைத்திருக்கிறதாம், நாளை முதல் போகிறானாம். அவன் படிப்புக்கு அது சின்ன வேலைதான் என்றாள். மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தாளாம், இன்று காலைதான் பேசினாளாம். கல்யாணத்தன்று தணிக்கை எதுவும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ருக்குமணி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, நீ மூணரை மாசந்தானே சோறு கட்டுன? நான் பதினொரு மாசங் கட்டுனேன்."

அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ருக்குமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அங்கே அவள் என்ன சொன்னாளோ, இவள் "இவருந்தான், இவருந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஷெரினுக்கு நவம்பரில் பதினைந்து நாள் விடுப்பு இருக்கிறதாம். இருவரும் இங்கே வருகிறார்கள். தேதி முதற்கொண்டு அங்கேயே முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

குக்கர் ஐந்தாவது விசில் அடித்தது. இரண்டு பேரும் நிறுத்துவதாகத் தெரியவில்லை. நானே போய் அடுப்பை அணைத்தேன்.